காரே இல்லாத ஊர்

ஈஸ்ட் ஹாம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். இளையவர் கைபேசியில் ஒரு பனிமலைக் கிராமத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அங்க ஒரு காரும் வராதெண்டு வடிவாத் தெரியுமோ?”

“ஓம். ஒன்பது வருசம் அந்த ஊர் ஹோட்டலிலதானே கோப்பை கழுவினனான். கார் எல்லாத்தையும் கீழ விட்டிட்டு ரயிலிலதான் மலையேறவேணும். மேல சாமான் ஏத்துறதுக்குச் சின்னப் பேட்டரி வண்டி இருக்கு.”

“அது சத்தம் போடுமோ?”

மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். “மலை பாக்கப் போற ஆள் கேக்கிற கேள்வியே இது?”

“மலை பாக்க இல்லை அண்ணை. சுமதிக்காகத்தான். அந்த அக்சிடென்டில எங்கட மகன் போய் ரெண்டு வருசமாச்சு. இப்பவும் வாசல்ல ஒரு கார் நிண்டா ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறா. மூண்டு நாளாவது அவ ஓரிடத்தில இருக்கட்டும் எண்டு பாக்கிறன்.”

“டிக்கெட் போட்டிட்டியோ?”

“இல்லை. அவ வரமாட்டன் எண்டிட்டா. வீட்டைப் பூட்டிட்டுப் போனா, அவன் வந்தா ஆர் திறக்கிறதெண்டு கேக்கிறா.”

ரயில் இரண்டு நிலையங்களில் நின்று புறப்பட்டது. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“நீ டிக்கெட்டைப் போடு. மூண்டு நாளும் நான் வந்து உங்கட வீட்டில நிக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லு. கார் சத்தம் கேட்டா நான் போய்த் திறக்கிறன்.”