வலை காலியாக இல்லை

என் பெயர், காலஞ்சென்ற கணவரின் பெயர், கதவு எண், தெரு ஆகியவற்றைக் காவல் நிலைய எழுத்தர் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதியிருக்கிறார். வாசித்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. வயது எழுபத்து நான்கு. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, பிறகு விலங்கியலில் பட்டம் பெற்று, கடலோர மீன் ஆய்வு நிலையத்தில் சுறாப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பிரிவின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். தொழில் என்ற இடத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்து ‘மீன் ஆராய்ச்சியாளர், ஓய்வு’ என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். எனக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்றும், கழிமுகத்தில் மீன்பிடிக்கத் தடை இருப்பதை மறந்துபோய் வலை போட்டுவிட்டேன் என்றும் நேற்று மதியத்திலிருந்து சொல்லப்படுகிறது. சொல்பவர்களில் முதல் ஆள் என் மகன். என்மேல் உள்ள பாசத்தால் சொல்கிறான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது பொய். அந்தத் தடையை அரசிடம் கேட்டு வாங்கியவளே நான்தான். தடை உள்ள இடத்தில், தடை உள்ள மாதத்தில், பட்டப்பகலில், நல்ல சுயநினைவோடு வலை போட்டேன்.

ஏன் போட்டேன் என்பதைச் சொல்கிறேன். கழிமுகத்தின் வடகரையில், நீர் வற்றும்போது இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாத ஒரு சேற்றுத் திட்டு இருக்கிறது. கோடை தொடங்கியதும், முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த சுறாக்கள் கடலிலிருந்து வந்து அங்கே குட்டி போட்டுவிட்டுத் திரும்பும். குட்டிகள் சில மாதங்கள் அந்தத் திட்டிலேயே வளரும். அவற்றைத் தின்னக்கூடிய பெரிய சுறா எதனாலும் அவ்வளவு குறைந்த தண்ணீருக்குள் உடம்பை நுழைக்க முடியாது. அந்த மாதங்களில் அங்கே யாரும் வலை போடக்கூடாது என்று மீனவர் சங்கத்தை ஒப்புக்கொள்ள வைக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. சங்கக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் என் கொழுந்தன். அவரும் வலை போட்டுப் பிழைப்பவர்தான். அதற்குப் பின் எங்கள் கடலில் பெரிய சுறா குறையவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

சென்ற இரண்டு கோடையிலும் ஆய்வு நிலையத்தார் கணக்கெடுத்து, திட்டின் பக்கம் குட்டி ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். குட்டியே இல்லாத இடத்துக்குத் தடை எதற்கு என்று, வரும் மீன்வளக் குழுக் கூட்டத்தில் அதை நீக்க இருக்கிறார்கள். அறிக்கையை நான் வாசித்தேன். அவர்களுடைய புதுப் படகு திட்டுக்குள் வராது, தரை தட்டும். ஆகவே பக்கத்திலுள்ள ஆழமான வாய்க்காலில் பெரிய முள் கட்டிய தூண்டில் வரிசையைப் போட்டிருக்கிறார்கள். அந்த முள் குட்டியின் வாய்க்குள் போகாது. குட்டி போட வந்த தாய்ச் சுறாவோ அந்த நாட்களில் இரையைத் தொடாது. அதனால் ஒன்றும் மாட்டவில்லை. அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

இதை விளக்கி நிலையத் தலைவருக்கு இரண்டு முறை எழுதினேன். சிறிய கண்ணி வலை கொண்டு திட்டுக்குள் ஒரு நாள் பார்க்க அனுமதி கேட்டேன். பதில் தொலைபேசியில் வந்தது. “மேடம், நீங்க எவ்வளவோ செஞ்சிட்டீங்க. இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்க” என்றார். நான் கேட்டது அனுமதி. வாய்ப்பேச்சு நீர்மேல் எழுத்து என்பதால் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நேற்றுக் காலை, நீர் வற்றும் நேரம் பார்த்து, கொழுந்தன் துடுப்புப் போட, அவருடைய சிறிய படகில் புறப்பட்டேன். வலை என்னுடையது. ஆய்வு நிலையத்தில் படகோட்டியாக இருந்த என் கணவர் இந்த ஆய்வுக்கென்றே தம் கையால் முடிந்து தந்தது. தடை எல்லையைக் காட்டும் கம்பம் வரை வந்ததும் படகை நிறுத்தச் சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கொழுந்தனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

“அண்ணி, நண்டு பாக்கப் போறோம்னுதானே சொன்னீங்க?” என்றார்.

“நண்டும் இருக்கும் தம்பி. நீங்க கம்பத்தத் தாண்டாதீங்க.”

“நீங்க போட்ட சட்டத்த நீங்களே மீறலாமா? அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

“வலையை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுன்னு சொல்லியிருப்பாரு.”

அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு படகிலேயே இருந்தார். அவர் எல்லைக்குள் வரவில்லை, வலையைத் தொடவும் இல்லை. அவர் பெயரைக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சேர்த்திருந்தால் எடுத்துவிட வேண்டும்.

வலையின் இரு முனைகளையும் கழிகளில் கட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். சுறாக்குட்டி வலையில் சிக்கினால் நீந்த முடியாது, நீந்தாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே மிதவை ஆடியதும் போய் எடுக்க வேண்டும். எடுத்த குட்டியை மல்லாக்கப் பிடித்தால் தூங்கியதுபோல் அடங்கிவிடும். அப்போது அளந்துவிட்டு, தண்ணீரில் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தி, அது தானாக வாலை அடிக்கும் வரை கையில் வைத்திருந்து விட்டேன். மொத்தம் ஒன்பது குட்டிகள் கிடைத்தன. ஒன்பதுக்கும் முன்துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் காயம் ஆறாமல் திறந்திருந்தது. தாய் வயிற்றிலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. வேறெங்கோ பிறந்து இங்கே நீந்தி வந்தவை என்று யாரும் சொல்ல முடியாது.

நான் வீட்டை விட்டுக் கிளம்பும் முன், மீன்வளக் காவல் அறைக்கு ஒரு பெண் தொலைபேசி செய்து, திட்டில் வலை போடப்படுவதாகத் தகவல் சொன்னதாக உங்கள் குறிப்பில் உள்ளது. ‘பெயர் தெரியாத பெண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான்தான். நானே படம் பிடித்துக் காட்டினால், எந்தக் கடலில் எடுத்ததோ என்று கேட்பார்கள். அரசு உடுப்பு போட்ட ஒருவர் அந்த இடத்தில் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அழைத்தால் வருவார்கள் என்று நம்பினேன், வந்தார்கள். அவர்களைப் பாராட்டுகிறேன்.

காவலர் விசில் ஊதிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். “பாட்டி, வலையக் கீழ போடுங்க” என்றார்.

“போடறேன் தம்பி. இதுக்கு மூச்சு வரட்டும். நீங்க விரல இங்க வைங்க” என்று என் கையிலிருந்த குட்டியின் தொப்புள் காயத்தைக் காட்டினேன். அவர் விரலை வைத்தார். “ஐயோ, பச்சப் புள்ள” என்றார். அவர் சொன்னதை இதில் எழுத வேண்டும். அந்தக் குட்டியை அவரே தம் கையால் விட்டார்.

நான் அவருடன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வலையின் மறுமுனையில் சிக்கிய குட்டி இறந்துவிட்டது. எட்டு உயிரோடு போயின, ஒன்றைக் கொன்றேன். இதையும் குறைக்காமல் எழுத வேண்டும்.

அதன் பிறகு என்னைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, “பாத்தியாடி, வேலியே பயிர மேயுது!” என்றாள். இன்னொருத்தி, “எங்க வீட்டுக்காரரு வலைய அன்னிக்குப் பறிச்சீங்களே டீச்சரம்மா, இப்ப எப்படி இருக்கு?” என்று சிரித்தாள். நான் டீச்சர் அல்ல. ஆனால் அவள் கேட்ட கேள்வி நியாயமானது. அவள் கணவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை எனக்கும் வர வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இந்தக் காவல் நிலையத்துக்கு வந்த பிறகு நடந்தது வேறு. ஆய்வு நிலையத் தலைவர் வந்து இன்ஸ்பெக்டரின் அறையில் பேசினார். பிறகு இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போடச் சொல்லி, “அம்மா, வயசுல பெரியவங்க. வலை காலியா இருந்துச்சுன்னு எழுதிடறோம். எச்சரிக்கையோட முடிஞ்சிடும்” என்றார். என் மகனும், “மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. வீட்டுக்குப் போயிடலாம்” என்றான். “மறந்தது நீதான்டா. உங்கம்மா யாருன்னு மறந்துட்ட” என்றேன். அவன் போய் எனக்கு மாற்றுப் புடவை கொண்டுவந்தான்.

நிலையத் தலைவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். “வலை காலின்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நான் இப்பவே கிளம்பறேன்” என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. நேர்மையானவர், தெரிந்து பொய் எழுத மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இறந்த குட்டி செய்தித்தாளில் சுற்றப்பட்டு இந்தக் காவல் நிலையத்தின் குளிர்பெட்டியில், குடிதண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே இருக்கிறது. தண்ணீரில் வாடை அடிக்கிறது என்று எழுத்தர் குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு வருந்துகிறேன். ஆனால் அதை வெளியே எறியக்கூடாது. வலை காலியாக இல்லை, என் ஞாபகமும் தடுமாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. மேலே உள்ளதை எழுத்தர் வாசித்துக் காட்டினார், இரண்டு இடங்களில் திருத்தினேன், மிச்சம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கைநாட்டுக்கு மை டப்பாவை எடுத்து வைத்தார்கள். அது தேவையில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக என் வேண்டுகோள். தடை உள்ள திட்டில் ஒன்பது சுறாக்குட்டிகளைப் பிடித்தேன் என்று என்மேல் வழக்குப் போடுங்கள், தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். அப்படிப் போட்டால் அந்த வழக்கின் நகல் ஒன்று குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். வழக்கு இல்லை என்றால், திட்டில் குட்டிகள் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று யாராவது ஒருவர் பெயர் போட்டு எழுதித் தர வேண்டும். இரண்டில் எது என்பதை, குழு கூடுவதற்கு முன், என் வீட்டு முகவரிக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் வேண்டாம்.

(கையொப்பம்)