ஆயக்குடித் தோப்பு எஞ்சின்

— இன்னும் கையெழுத்துப் போடலயா? இட்லி ஆறிப் போச்சுங்க.

— போடுறேன், போடுறேன்... பேனாவுல மை இறங்க மாட்டேங்குது வள்ளி.

— செத்த முன்னாடி இதே பேனாவுலதான மளிகைச் சீட்டு எழுதுனீங்க? என்னங்க, மதுரைக்கு மூணு நாள் வகுப்புக்குப் போய்ட்டு வந்ததுலருந்தே ஒரு மாதிரியா இருக்கீங்க. பரீட்சையில எதும்...

— பரீட்சையெல்லாம் பாஸுதான். எஞ்சினுக்கு மதிப்புப் போட்டுப் பதினாறு வருசம் சோறு தின்னவன். மீசை முளைக்காத வாத்தியாருக்கா தடுமாறுவேன்?

— பின்ன என்ன? இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள மதுரையில ஃபாரத்தக் குடுக்கலைன்னா மதிப்புப் போடுறவங்க லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துருவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. பேரு போச்சுன்னா எந்த பேங்குக்காரன் உங்களக் கூப்புடுவான்?

— கடைசி வரியக் கேளு. "கண்ணுசாமியாகிய நான், உண்மைக்கு மாறான அறிக்கை எதையும் இதுநாள்வரை தந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்..."

— சரியாத்தான இருக்கு.

— வகுப்புல மொதப் பாடமே, எஞ்சினை ஓட்டிப் பாக்காம அறிக்கை எழுதாதங்கிறதுதான். அப்படி யாராச்சும் எழுதிருக்கீங்களான்னு கேட்டான் அந்தப் பய. நாப்பது பேரும் கம்முனு இருந்தோம். நானும்.

— ஐயோ... யாருகிட்டயாச்சும் கை நீட்டிக் காசு வாங்கிட்டீங்களா?

— சீ! தோல் பதனிடுற ஷெட்டுக்காரன் பிரியாணி வாங்கித் தர்றேன்னான், அதையே வேணாம்னுட்டு வந்தவன் நான். குடிச்சது மோரு மட்டுந்தான்.

— மோரா? எவ வீட்டு மோரு?

— உங்க வீட்டு மோருதான் புள்ள. ஆயக்குடித் தோப்பு எஞ்சின் ஞாபகம் இருக்கா?

— மறக்குமா! பச்சைப் பெயிண்டு அடிச்சது. டுப்பு டுப்புன்னு அது சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியும். கொய்யாப் பழ வாசமும் டீசல் வாசமும்... இப்பவும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீசல் வாசத்துக்குக் கண்ணை மூடுனா எங்க தோப்புதான். அழுகையா வரும்.

— அம்பத்தி மூணாம் வருசம் பாகம் பிரிக்கணும்னு உங்கப்பாவும் சித்தப்பாவும் என்னைய வரச் சொன்னாக. தோப்பை ரெண்டாக்கிரலாம். எஞ்சினை ரெண்டாக்க முடியுமா? மதிப்புப் போட்டு, எடுத்துக்கிறவரு மத்தவருக்குப் பாதி வெலை குடுக்கணும்.

— என்னா வெறப்பு அன்னைக்கு! மதிப்புப் போடுறப்பப் பங்காளிக பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரையும் வீட்டுக்குப் பத்தி விட்டீங்களே!

— அதான் தொழில் முறை. மோரு கொண்டாந்த உன்னைய மட்டும் பத்தல.

— ம்க்கும்... காலங்காத்தால பேச்சைப் பாரு!

— சிரிக்காத. மூணு தரம் வந்தேன். மூணு தரமும் "எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்"னு எழுதிக் குடுத்தேன்.

— ஆமா! சித்தப்பா குதிகுதின்னு குதிச்சாரு. "நேத்து அம்புட்டு மரத்துக்கும் தண்ணி எறச்சுச்சு, இந்தாளைக் கண்டாத்தான் படுத்துக்குது"ன்னு. எங்கப்பா எஞ்சினுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டாரு!

— நான் அந்த எஞ்சினை ஓட்டவே இல்ல வள்ளி.

— என்னது?

— சுத்தி ஸ்டார்ட் பண்ற கைப்பிடியக்கூட மாட்டல. துணியால மேலாப்புல தொடச்சேன்... மோரைக் குடிச்சேன்... உன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். ஒரே நாள்ல வேலை முடிஞ்சுட்டா மறுபடி எந்தச் சாக்குல ஆயக்குடிக்கு வருவேன்?

— அடப்பாவி மனுசா!

— பொறவு எங்க அத்தைய விட்டுப் பொண்ணு கேட்டதும்...

— மாப்பிள்ளையாகப் போறவன் மதிப்புப் போடக் கூடாதுன்னு விலகிக்கிட்டீங்க. பழனியில இருந்து வேற ஆளு வந்தாரு. "என்னா நேர்மை"ன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு.

— அதான் குத்துது. அவரு சொல்றப்பெல்லாம் தலையக் குனிஞ்சுக்குவேன். அடக்கம்னு நெனச்சுக்கிட்டாரு பாவம்.

— சரி... இப்ப என்ன செய்யப் போறீங்க?

— உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துரப் போறேன். மூணு அறிக்கை பொய்னு.

— எழுதுனா?

— பேரை எடுத்துருவாங்க.

— ரெண்டு பொட்டப் புள்ளைக பள்ளிக்கூடம் போகுதுக. வேற என்ன தொழில் தெரியும் உங்களுக்கு?

— ஒண்ணுந் தெரியாது. எஞ்சின் ஓடுற சத்தத்த வச்சு அதோட ஆயுசைச் சொல்லுவேன், அம்புட்டுத்தான். ஆனா பொய்னு தெரிஞ்சே இதுல கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரு எஞ்சின் முன்னாடி போயி நிப்பேன்? பயமா இருக்கு வள்ளி. திட்டணும்னா திட்டிரு. அதென்ன முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு... அழுவுறியா, சிரிக்கிறியா?

— ரெண்டுந்தாங்க. எங்கப்பாகிட்டயே சொல்லாதத இப்ப உங்ககிட்டச் சொல்றேன்... மூணு தரமும் நீங்க வாறதுக்கு முன்னாடி டீசல் குழாயோட நட்டைத் தளத்தி விட்டது நாந்தான். நீங்க அந்தப் பக்கம் போனதும் இறுக்கி வச்சுருவேன். மொதத் தரம், வீடு ரெண்டாகக் கூடாதுன்னு செஞ்சேன். அடுத்த ரெண்டு தரமும்... நீங்க மறுபடி வரணும்னு செஞ்சேன். அன்னைக்குப் பொழுதன்னைக்கும் கைப்பிடியச் சுத்திருந்தாலும் அது ஸ்டார்ட் ஆயிருக்காது, நீங்க எழுதுனது அம்புட்டும் நெசம்... கையெழுத்தப் போடுங்க!