வண்டி தாங்கும்

ஆர்லிஸ்: பெல்ட்டக் கழட்டு மொதல்ல.

வெர்லின்: கழட்டிட்டேன் அண்ணி.

ஆர்லிஸ்: கண்ணாடி?

வெர்லின்: எறக்கியாச்சு. காது ரெண்டும் வெறைச்சுப் போச்சு. வேணும்னா கதவையும் கழட்டிக் கரையில வச்சுட்டு வரட்டுமா?

ஆர்லிஸ்: நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஏரி ஐஸ் உடைஞ்சு வண்டி உள்ள போச்சுன்னா கதவு தெறக்காது. ஜன்னல் வழியாத்தான் வெளிய வரணும்.

வெர்லின்: அது எனக்குத் தெரியாதா... சரி, மெதுவா விடுங்க. நடக்கற வேகம் போதும்.

ஆர்லிஸ்: ரெண்டாவது கியர்லதான் போறேன். நீ பயத்துல கால அமுக்காத. உன் பக்கம் பிரேக்கு இல்ல.

வெர்லின்: கரையில ஏரிக் காவல்காரர் ஆரின் கை ஆட்டுறாரு. திரும்பி வரச் சொல்றாரோ?

ஆர்லிஸ்: ஆட்டட்டும். ஏரிப் பாதைக்குச் சங்கிலி போட்டதும் அவருதான், இந்த ஒரு சின்ன வண்டிக்கு மட்டும் அவுத்து விட்டதும் அவருதான். ஊர்ல மத்தவன் வச்சிருக்கற பிக்கப் வண்டி ஒவ்வொண்ணும் மாடி வீடு மாதிரி நிக்குது. மார்ச் மாச ஐஸ்ல அதக் கொண்டு வர முடியுமா?

வெர்லின்: பனியில ஓடற ஸ்னோமொபைலக் கட்டிக் குடிசைய இழுத்திருக்கலாம்.

ஆர்லிஸ்: இழுத்தாங்களே, போன வாரம். அசைஞ்சாத்தானே! உங்கண்ணன் ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கக் குடிசையா கட்டினாரு? கோட்டை கட்டி வச்சிருக்காரு. அடியில உருகி, மறுபடி உறைஞ்சு, கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. நாளைக்குள்ள எல்லாக் குடிசையும் ஏரிய விட்டு எடுத்தாகணும்... சட்டம் அது.

வெர்லின்: நான்... அண்ணி! என்ன சத்தம்? நிறுத்துங்க... இல்ல இல்ல, நிறுத்தாதீங்க, ஓட்டுங்க!

ஆர்லிஸ்: ஏன் இந்தக் கத்துக் கத்துற? ஏரி முனகுது, அவ்வளவுதான். குரைக்கிற நாய் கடிக்காதும்பாங்க. ஐஸும் அப்படித்தான்.

வெர்லின்: அண்ணன் போன அன்னைக்கு முனகவே இல்லையாமே. கரையில நின்னவங்க சொன்னாங்க. ஒரு சத்தம் கூட... மன்னிச்சுக்கோங்க அண்ணி. வாய் அடங்க மாட்டேங்குது.

ஆர்லிஸ்: உன் காலுக்குக் கீழ என்ன பாக்கற?

வெர்லின்: தரை துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு. அது வழியா ஐஸ் தெரியுது.

ஆர்லிஸ்: நல்லதாப் போச்சு. உடைஞ்சா மொதல்ல உனக்குத்தான் தெரியும்.

வெர்லின்: வண்டி இந்தக் கதியில கெடக்கு, இதை நம்பி...

ஆர்லிஸ்: ரோட்டுல பனி உருக வருஷா வருஷம் உப்பக் கொட்டினா இரும்பு என்ன செய்யும்? அதுக்குத்தான் உங்கண்ணனும் அலைஞ்சாரு. இதே மாதிரி, இதே அளவுல, புதுசா ஒண்ணு குடுங்கன்னு. துலூத் நகரம் வரைக்கும் போனாரு.

வெர்லின்: எங்கிட்டயும் சொன்னாரு. விக்கிறவன் சிரிச்சானாமே.

ஆர்லிஸ்: சிரிச்சான். 'இதெல்லாம் செய்யறத நிறுத்திட்டாங்க பெரியவரே, யாரும் வாங்கறது இல்ல'ன்னான். 'நான் வாங்கத்தானடா வந்திருக்கேன், நான் யாரும் இல்லையா?'ன்னு இவரு கேட்டாராம்.

வெர்லின்: அதுக்கு என்ன சொன்னான்?

ஆர்லிஸ்: காப்பி குடிக்கறீங்களான்னு கேட்டானாம். காப்பி குடிச்சாரு. சாயங்காலம் மலை மாதிரி ஒரு பெரிய வண்டிய வாங்கி ஓட்டிட்டு வந்து நிக்கறாரு. திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு.

வெர்லின்: அதுல பின்னாடி கெடக்கற மண்வெட்டிய எடுக்கணும்னா உள்ள ஏறித்தான் எடுக்கணும். வண்டியோட பக்கச் சுவரு என் நெஞ்சுக்கு வருது. இதுல பாருங்க, நின்ன எடத்துலேர்ந்து கை நீட்டினா எல்லாம் கைக்கு வந்துடும்.

ஆர்லிஸ்: தீயணைப்புக்காரன் ஒருத்தன் வந்து இந்த வண்டியக் கேட்டான், தெரியுமா?

வெர்லின்: எதுக்கு?

ஆர்லிஸ்: வருஷா வருஷம் ஒரு பழைய வண்டிய ஐஸ் மேல நிறுத்தி, என்னைக்கு மூழ்கும்னு பந்தயம் கட்டுவாங்களே... அதுக்கு. ஊர்ல மிச்சம் இருக்கற சின்ன வண்டி இதுதானாம். பொருத்தமா இருக்குமாம்.

வெர்லின்: இந்த வருஷமா? உங்ககிட்டயா கேட்டான்?

ஆர்லிஸ்: பாவம், யோசிக்காமக் கேட்டுட்டான். அவன் பொண்டாட்டி கிள்ளின கிள்ளுல மூஞ்சி செவந்து போச்சு... வெர்லின், அந்தப் பக்கம் பாக்காத.

வெர்லின்: கிறிஸ்துமஸ் மரம் நட்டு வச்சிருக்காங்களே, அதுவா?

ஆர்லிஸ்: அதுதான். கிரேன் வச்சு உங்கண்ணன் வண்டியத் தூக்கின ஓட்டை. யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு அடையாளம்... பாக்காதேன்னா பாக்கறியே.

வெர்லின்: இல்ல. பாக்கல.

ஆர்லிஸ்: அழறியா?

வெர்லின்: காத்து அடிக்குது.

ஆர்லிஸ்: ம்... வந்துட்டோம். எறங்கு, குதிக்காம எறங்கு. கடப்பாரைய எடு. நான் அந்த மூலையில வெட்டறேன், நீ இந்தப் பக்கம் வெட்டு.

வெர்லின்: நீங்க சும்மா நில்லுங்க.

ஆர்லிஸ்: சும்மா நிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? வெட்டு.

வெர்லின்: வெட்டறேன். கல்லு மாதிரி இருக்கு.

ஆர்லிஸ்: உன் படகு வித்துப் போச்சாமே.

வெர்லின்: யாரு சொன்னா?

ஆர்லிஸ்: சின்ன ஊருடா இது. நீ தும்மினா தேவாலயத்துல 'ஆண்டவர் காப்பாராக'ங்கறாங்க. வீட்டையும் விக்கறியாமே.

வெர்லின்: மக அரிசோனாவுக்குக் கூப்பிடறா.

ஆர்லிஸ்: உனக்கு வெயிலே ஆகாதே.

வெர்லின்: அங்க ஏரி உறையாதாம் அண்ணி. அது போதும் எனக்கு.

ஆர்லிஸ்: அடக்கத்துக்கு அப்புறம் நீ என் வாசப்படி மிதிக்கல. கடையில என்னப் பாத்தா தூண் பின்னாடி ஒளியற. உன்ன விட அந்தத் தூண் ஒல்லி, அது ஞாபகம் இருக்கட்டும். இன்னைக்கு வேற ஆள் இல்லேன்னு சொன்னதாலதான் வந்த.

வெர்லின்: குடிசைய எடுத்துக் குடுத்துட்டா மனசு ஆறும்னு நெனச்சேன்.

ஆர்லிஸ்: ஆறுச்சா?

வெர்லின்: கீழ பாத்து வெட்டுங்க... கால்ல போட்டுக்காதீங்க.

ஆர்லிஸ்: ஆறுச்சான்னு கேட்டேன்.

வெர்லின்: எப்படி ஆறும்? இந்த ஊர்ல ஏரி உறைஞ்சதும் மொத ஓட்டை யாரு போடுவா? நான். நடந்து வந்து, துளை போட்டு, கைய விட்டுச் சாண் வச்சுப் பாத்து, கரையில இருக்கறவங்களுக்குச் சொல்லுவேன். ஒரு சாண் இருந்தா வண்டி தாங்கும். இருபது வருஷமா அதேதான். அப்ப 'வண்டி'ன்னா இந்த மாதிரிதான். எல்லார்கிட்டயும் இதுதான் இருந்துச்சு.

ஆர்லிஸ்: வெர்லின்...

வெர்லின்: இருங்க, சொல்லிடறேன். அன்னைக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு. போன் பண்ணினேன். அண்ணன் குளிச்சிட்டிருந்தாருன்னு நீங்க எடுத்தீங்க. பழக்கதோஷம்... 'வண்டி தாங்கும்'னுட்டேன். வாசல்ல அந்த மலை நிக்குதுங்கறது என் மண்டையில ஏறவே இல்ல. ஒரு வார்த்தை, 'சின்ன'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேத்திருந்தா...

ஆர்லிஸ்: உனக்கு அப்படிச் சொன்னதா நல்லா ஞாபகம் இருக்கா?

வெர்லின்: ஞாபகமா... எங்க இருக்கு? என்ன சொன்னேன்னு ராப்பகலா யோசிச்சுப் பாக்கறேன், காத்துச் சத்தம்தான் கேக்குது. ஆனா ஷெரிஃப் அனுப்பின போலீஸ்காரன் விசாரிச்சப்ப நீங்க சொன்னீங்களே, 'வண்டி தாங்கும்னு வெர்லின் சொன்னான்'னு. நீங்க பொய்யா சொல்லப் போறீங்க? போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வந்து, 'மாமா, சறுக்கி விளையாடலாமா, ஐஸ் தாங்குமா'ன்னு கேட்டுச்சுங்க. கதவச் சாத்திட்டேன். இனிமே யாருக்கும் இந்த வாயால 'தாங்கும்'னு சொல்ல மாட்டேன். எங்கண்ணனக் கொன்ன வாய் இது.

ஆர்லிஸ்: கடப்பாரையக் கீழ போடு.

வெர்லின்: இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, விட்டுடும்...

ஆர்லிஸ்: போடுன்னா போடு. இந்தக் குடிசை மூழ்கினா மூழ்கட்டும், நான் இதுக்கா உன்னக் கூப்பிட்டேன்? கரையில வச்சுச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. இங்கன்னா நீ கோவிச்சுக்கிட்டு எங்கயும் ஓட முடியாது.

வெர்லின்: என்ன அண்ணி? கையக் குடுங்க, வண்டிக்குள்ள உக்காருங்க.

ஆர்லிஸ்: தொடாத. நின்னு கேளு. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லு, என்ன இங்கயே விட்டுட்டுப் போனாலும் சரி.

வெர்லின்: பயமுறுத்தாதீங்க. என்னன்னு சொல்லுங்க.

ஆர்லிஸ்: 'சின்னது தாங்கும், பெருச எறக்க வேண்டாம்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்க'ன்னு நீ ரெண்டு தடவை சொன்னடா. காத்துச் சத்தத்துலயும் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. அன்னைக்குப் பண்டிகைக்கு முடி சுருட்டிக்கப் போகணும்னு இருந்தேன்... பெருசுல என்னால ஏற முடியாது, ஒரு தடவை கடை வாசல்ல ஏறப் போய் எல்லாரும் பாக்க விழுந்தேன், அதுலேர்ந்து அதத் தொடறதே இல்ல. அவரு சின்னத எடுத்துட்டுப் போயிட்டா நான் வீட்ல உக்காரணும். நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி, ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவ, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்... குளியலறைக் கதவத் தட்டி, 'தாங்குமாம்'னு மட்டும் சொன்னேன்.