சிவசம்பு ஐயாவின் காரில் கேட்ட சத்தம்

பழைய கார் என்றால் சத்தம் போடத்தான் செய்யும், இன்ஸ்பெக்டர் ஐயா. எது சும்மா வரும் சத்தம், எது ஆளைக் கொல்லப்போகும் சத்தம் என்று பிரித்துச் சொல்வதுதான் என் தொழில். பிரிக்பீல்ட்ஸில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் நாகையா என்றால் கிளாங் வரைக்கும் தெரியும். நான் காரை ஜாக்கியில் ஏற்ற மாட்டேன், ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வருவேன். இறங்கும்போதே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். தோட்டத்துத் துரைமார்கூட அதற்காகவே என்னைத் தேடி வந்தார்கள்.

சிவசம்பு ஐயா ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். கான்வாஸ் கூரை போட்ட பழைய கார் ஒன்று வைத்திருந்தார். போன தை மாதம் ஒரு காலையில் அதை என் பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

"நாகையா, கார் வெளிக்கிடேக்க டொக்கெண்டு ஒரு இடி இடிக்குது. பின்னுக்கு எடுக்கேக்கயும் அப்பிடித்தான். நாளைக்குக் கிளாங்குக்கு மகள் வீட்டை போகவேணும். ஒருக்காப் பார்," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

என் காது போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன, ஐயா. எஞ்சின் பக்கத்திலேயே வாழ்ந்தவனுக்கு அது நடக்கும். முதலில் கூரையில் பெய்யும் மழை கேட்காமல் போயிற்று, பிறகு முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறவர்கள். எதிரே நின்று பேசினால் பாதியை வாயசைவில் பிடித்துக்கொள்வேன், மீதியை ஊகித்துக்கொள்வேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கார்க்காரர்கள் சொல்லும் விவரத்தை வைத்தே பெரும்பாலான கோளாறுகளைச் சொல்லிவிட முடிந்தது. அதனால் நான் யாரையும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

சிவசம்பு ஐயாவிடம், "கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற ஷாப்டில் ஜாயிண்ட் காய்ந்துபோயிருக்கு. கிரீஸ் வச்சா சரியாயிடும்," என்றேன். பழைய கார்களில் அந்த இடிக்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

என்னிடம் பல வருஷமாக வேலை பார்த்த வேலாயுதம் ஜாயிண்டைக் கழற்றினான், கிரீஸ் வைத்தான், போல்ட்டுகளை முறுக்கினான். முறுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். காரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றான்.

"அண்ணே, இன்னும் இடிக்குது. சத்தம் நடுவுல இல்லண்ணே, பின்னாடி வலது சக்கரத்துக்கிட்ட. ஜாக்கி போட்டுச் சக்கரத்த ஆட்டிப் பாத்துடலாமா?"

ஜாக்கி போட்டிருந்தால் கையாலேயே தெரிந்திருக்கும். அதற்குக் காது வேண்டியதில்லை. ஆனால் சிவசம்பு ஐயா பக்கத்தில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டது சரியா, நீ கேட்டது சரியா?" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதாண்ணே," என்று அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் கிளாங் போகும் வழியில் பெட்டாலிங் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ரோடு சரிந்து இறங்குகிற இடத்தில் கார் நிற்காமல் ஓடி மரத்தில் மோதியது. சிவசம்பு ஐயா அங்கேயே இறந்துபோனார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி புனிதவதி அம்மா இடுப்பு ஒடிந்து பிழைத்தார். "அவர் பிரேக்கை மிதிச்சார், மிதிச்சார், கார் நிக்கேல்லை," என்று அவர் சொன்னது உங்களுக்கே தெரியும்.

உடைந்த காரை லோரியில் ஏற்றி என் பட்டறையில்தான் இறக்கினார்கள். என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்லும்படி நீங்களே என்னிடம் கேட்டீர்கள். நம்பிக் கேட்டீர்கள்.

வேலாயுதத்திடம் மாலை வாங்கிக் கொடுத்துச் சாவு வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு ஜாக்கி போட்டேன். பின் வலது சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு, கீ என்போம், தேய்ந்து தேய்ந்து அறுந்து கிடந்தது. அந்தக் காரில் கால் பிரேக் நடு ஷாப்டைத்தான் பிடிக்கும். ஒரு பக்கத்துக் கீ அறுந்தாலே போதும், பிரேக் எந்தச் சக்கரத்துக்கும் போய்ச் சேராது. வேலாயுதம் கேட்டது சரி.

அறுந்த கீயை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். வேறொரு பழைய காரிலிருந்த கீயைப் பொருத்தினேன். அது சரியாக உட்கார வேண்டுமே என்று அரத்தால் பொறுமையாக ராவினேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் கவனம் உண்டு. அதன்பின் வேலாயுதம் முறுக்கிய போல்ட்டுகளைக் கழற்றி ஷாப்டைக் கீழே தொங்கவிட்டேன். நீங்கள் வந்தபோது, போல்ட் சரியாக முறுக்கப்படாததால் ஷாப்ட் கழன்று பிரேக் பிடிக்காமல் போயிற்று என்று காட்டினேன்.

கோர்ட்டில் அவனிடம் கேட்டார்கள். "முறுக்குனேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா அண்ணே பாத்துச் சொல்லியிருக்காரு, அவரு சொன்னா தப்பா இருக்காது," என்றான். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். அதனால் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

அவனைச் சிறைக்கு அனுப்பிய பிறகு அவன் மனைவி சீதாலெட்சுமிக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் அனுப்பினேன். ஒரு மாதமும் தவறியதில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் அவள் பட்டறைக்கு வந்தாள். அழுதுகொண்டே, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. அரிசி கேட்கிறாள் என்று நினைத்து, "நாளைக்கு அனுப்புறேம்மா," என்றேன். அவள் திகைத்து நின்றாள். முந்தானையை எடுத்துவிட்டு உரக்கச் சொன்னாள்.

"அவரு ஜெயில்லயே காய்ச்சல்ல செத்துப் போயிட்டாருண்ணே. சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாராம், 'முறுக்குனேனே, எப்படிக் கழண்டுச்சு'ன்னு. ஒரு பெரியவரு செத்ததுக்குத் தான்தான் காரணம்னு நெனச்சே போயிட்டாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மறுபடி ஏதோ கேட்டிருக்கிறாள். நான் நிமிரவில்லை. என் கையைத் தொட்டாள். அவள் முகத்தில் அழுகை நின்றுபோயிருந்தது.

"ஒங்களுக்குக் காது கேக்காதாண்ணே?" என்றாள். "அப்ப அந்தக் காரோட சத்தத்த எப்படிக் கேட்டீங்க?"

அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. அவள் யாரிடமாவது சொல்வதற்கு முன் நானே வந்து சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது.

இரண்டு பேரும் செத்தது என்னால்தான். வேலாயுதம் மேல் பழியைப் போட்டது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். காது விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. தன் மேல் பழி விழக்கூடாதென்று செய்தான், கெட்ட எண்ணத்தில் செய்தான், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சிறையிலிருந்து திரும்பி வரும்போது பட்டறைக்குக் கார் வர வேண்டுமல்லவா.