வெள்ளிக்கிழமைக்கு ஒரு வேன்

— நான் இறங்க மாட்டேன், சௌசன். அப்பா சொல்றேன்ல, கண்ணாடியை ஏத்து.

— அந்தக் கண்ணாடி ஏறாது, யாபா. ஏறாத கண்ணாடி, எரியாத விளக்கு, இருமுற எஞ்சின். அதனாலதானே வேற வண்டி பார்க்க வந்திருக்கோம்?

— அப்ப தலைத்துணியை முகத்துல இழுத்து விட்டுக்கறேன். யாராவது பார்த்துட்டா?

— யாரு பார்ப்பாங்க? நம்ம ஊர் ஸல்த்ல நாலு கடையைத் தாண்டி, அம்மான் நகரத்தையும் தாண்டி, இந்த ஸர்க்கா ஊர் வெயிலுக்கு வந்ததே உங்க முகம் தெரிஞ்சவங்க இருக்கக் கூடாதுன்னுதான். இங்க உங்களைத் தெரிஞ்சது சூரியன் மட்டும்தான்.

— நம்ம முஹைராத் வீட்டு ஆள் எவனாவது, இன்னொருத்தன் உக்காந்து எழுந்த வண்டியில உக்காந்திருக்கானா? எங்க அப்பா கழுதை வாங்கினாலும் புதுசாத்தான் வாங்குவார்.

— கழுதையில புதுசு ஏது, யாபா?

— குட்டியா வாங்குவார்.

— சரி சரி. புது வேன் விலை கேட்கவும் போனோம்ல? விலையைச் சொன்னதும் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சது யாரு?

— வெயில்.

— ஏசி ரூம், யாபா. இருபத்தஞ்சாயிரம் தீனார் சொன்னான். நம்ம கையில ஒன்பதாயிரம். மீதிக்குக் கடன் வாங்கினா, மிஷால் அண்ணனுக்குப் பிள்ளை பொறந்து, அது பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் மருந்துக்கடையில நின்னு கட்டணும். வீட்டுல எட்டுப் பேர். தம்பிங்க நாலு பேரும் ஆளுக்கொரு ஒட்டகமா வளர்ந்து நிக்கிறானுங்க. கல்யாணமாகி அண்ணி வந்தா ஒன்பது. அம்மாவுக்கோ காலைத் தூக்கி வைக்க முடியல. உங்க கௌரவத்தை மடியில வெச்சுக்கிட்டா ஒன்பது பேர் போக முடியும்?

— கௌரவத்தை மடியில வெக்கிறதில்ல. தலையில வெக்கிறது.

— அந்தத் தலையை இப்ப வெளிய நீட்டுங்க. கடைக்காரர் வர்றார்.

— அஸ்ஸலாமு அலைக்கும்! வாங்க ஹாஜி, வாங்கம்மா, நிழலுக்கு வாங்க! முகத்தை மூடிக்கிட்டு வர்றவங்கதான் நம்ம கடையில முக்காவாசிப் பேர். கூச்சப்படாதீங்க.

— கூச்சமா? தூசி.

— தூசிதான், தூசிதான். ஹாஜியோட பேரு?

— வாங்கப் போறது வேன். அதுக்குப் பேர் எதுக்கு? உன் பேரை நான் கேக்கல. என் பேரை நீ கேக்காதே. வண்டியைக் காட்டு.

— என் கண்ணு மேல! இதோ பாருங்க, இந்த வெள்ளிக் கலர் வேன். கொரியாவுலருந்து வந்தது. ஒரே ஒரு டாக்டரம்மா ஓட்டினது. வீட்டுலருந்து கிளினிக்கு, கிளினிக்குலருந்து வீடு. எஞ்சின் சர்க்கரை!

— நாங்க இதுவரைக்கும் பார்த்த எல்லாப் பழைய வண்டியும் டாக்டரம்மாதான் ஓட்டியிருக்காங்க. உலகத்துல அவ்வளவு டாக்டரம்மா இருந்தா எங்கம்மாவுக்கு ஏன் இன்னும் மூட்டு வலிக்குது?

— ஹாஜி, உங்க பொண்ணு நாக்குக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?

— அவ அம்மா பக்கம். நகரு, நான் பின்னாடி ஏறி உக்காந்து பார்க்கணும்... ஆகாது. வேணாம்.

— ஏன் ஹாஜி? சீட்டு மெத்து மெத்துனு இருக்குமே?

— என் தலைக்கட்டு கூரையில இடிக்குது.

— வண்டிக்குள்ள இருக்கிறப்ப கழட்டி மடியில வெச்சுக்கலாமே?

— கழட்டறதா? ஏம்பா, வெள்ளிக்கிழமை நாங்க பொண்ணு கேட்டுப் போறோம். ஊர்ப் பெரிய மனுஷங்களை ஏத்திக்கிட்டு, அவங்க வாசல்ல போய் இறங்கணும். தலைக்கட்டு ஒரு பக்கம் சாஞ்சு இறங்கினா முஹைராத் வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க? அதுக்குத்தான் இந்த அவசரம். என் மூத்தவன் மிஷாலுக்கு!

— பேர் சொல்ல மாட்டேன்னீங்க, யாபா?

— என் பேரையா சொன்னேன்? குடும்பத்துப் பேரும் பையன் பேரும்தான் சொன்னேன்.

— மாஷா அல்லாஹ். ஸல்த் முஹைராத்தா? அப்ப நீங்க மிஷாலோட அப்பா, அபூ மிஷால்.

— ஆமா. தெரியுமா?

— ஸல்த் முஹைராத்தைத் தெரியாதவங்க யாரு? பொண்ணு எந்த ஊரு?

— மாதாபா. பொண்ணு பேரு ஹனீன். பல் டாக்டருக்குப் படிக்கிறா. நல்ல வீடு. ஏம்பா, ஏன் அப்படியே நின்னுட்டே?

— ஒண்ணுமில்ல ஹாஜி. வந்தவங்களுக்கு இன்னும் காபி குடுக்கலையேன்னு நினைச்சேன். ஆபீஸ் ரூமுல உக்காருங்க. ஃபேன் போடறேன். காபியை நானே போட்டுக் கொண்டு வர்றேன்.

— யாபா, இந்த மனுஷன் இவ்வளவு நேரம் தண்ணி வேணுமானுகூடக் கேக்கல. இப்ப அவரே காபி போடப் போறார்.

— குடும்பப் பேரைக் கேட்டான்ல. மரியாதை தானா வரும். பழகிக்கோ.

— இதோ வந்துட்டேன், ஏலக்காய் தட்டிப் போட்ட காபி. இருங்க, ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்த வெள்ளிக் கலர் வேனை மறந்துடுங்க.

— ஏன்? நான் இன்னும் விலையே கேக்கலையே!

— வேணாம்மா. பின்பக்கம் அடி வாங்கி நிமித்தினது. மேல பூசியிருக்கிறது பாலீஷ்.

— கொஞ்சம் முன்னாடி சர்க்கரைன்னீங்க?

— சர்க்கரை கரையும்மா. அதுல அந்தப் பொண்ணை ஏத்தக் கூடாது.

— எந்தப் பொண்ணை?

— உங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணை. யார் வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன? மூலையில அந்த நீல வேன் நிக்குது பாருங்க. அதைத்தான் நான் உங்களுக்குக் குடுப்பேன். அடிச்சட்டம் நாலு மூலையும் நல்லதுன்னு பரிசோதனையில வந்திருக்கு. நீங்களும் உங்க ஆளை வெச்சுப் பார்த்துக்கலாம். கூரை உயரம். ஹாஜி தலைக்கட்டோட தொழுகையே நடத்தலாம். ஒன்பது சீட்டு. படி தாழ்வு, உங்கம்மா காலை இழுத்து வெக்க வேண்டாம்.

— குறை?

— ரெண்டு இருக்கு. கடைசி வரிசைக்குக் குளிர்காத்து கொஞ்சம் கம்மி.

— தம்பிங்கதான் உக்காருவானுங்க. வேகட்டும். இன்னொண்ணு?

— பக்கத்துக் கதவு சில நேரம் மாட்டிக்கும். கீழ ஓடுற சக்கரம் தேஞ்சு போச்சு. புதுசு அடுத்த வாரம் வரும், நான் மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் வெளிய நின்னு, பிடியைக் கொஞ்சம் மேல தூக்கி, அப்புறம் இழுக்கணும். உள்ள இருந்து இழுத்தா வராது.

— சௌசன், எழுதிக்கோ. தூக்கி, அப்புறம் இழுக்கணும்.

— எழுத என்ன இருக்கு, யாபா? நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு மாதிரிதான்.

— சௌசன்!

— இந்தாங்க, காபியை எடுத்துக்குங்க. அப்ப மாப்பிள்ளை எப்படி, ஹாஜி? வண்டி நிதானமா ஓட்டுவாரா?

— எதுக்குக் கேக்கிற?

— வேன்ல பிரேக் கட்டை புதுசு. சிலபேர் ஒரே மாசத்துல தேச்சுடுவாங்க. சிகரெட் உண்டா? சீட்டுத் துணியில வாடை ஏறிடும். கோவம் வருமா? கதவை அறைஞ்சு சாத்துவாரா?

— நாங்க வேன் வாங்க வந்தோமா, அண்ணனை விக்க வந்தோமா?

— பதில் சொல்லு சௌசன், நம்ம வீட்டுப் பையனைப் பத்திச் சொல்ல நமக்கு என்ன பயம்? சிகரெட் கிடையாது. கோவம் கிடையாது. நீர்வாரியத்துல இஞ்சினியர். ஒரு நாள்கூட என் முன்னாடி கால் மேல கால் போட்டு உக்காந்ததில்ல.

— உங்க பின்னாடி போடுவான், யாபா. ஆனா மத்ததெல்லாம் உண்மைதான். அம்மாவுக்குக் கால்ல தைலம் தேய்ச்சு விடுறது அவன்தான். எங்க யாருக்கும் பொறுமை கிடையாது.

— அப்படியா? நல்லது. நல்லது. பொண்ணு வீட்டுக்காரங்க எப்படி?

— பொண்ணோட அப்பா தங்கமான மனுஷன். சத்தமா ஸலாம் சொன்னாலே வெக்கப்படுவார். ஆனா வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பதில் சொல்லப் போறது அவரோட அண்ணன். முப்பது வருஷம் குவைத்ல இருந்துட்டு இப்பத்தான் திரும்பியிருக்கார். அங்க பெரிய வியாபாரமாம். நாங்க யாரும் இன்னும் முகம் பார்க்கல. கல்லு மாதிரி ஆள்னு சொல்றாங்க. வாசல்ல வந்து நிக்கிற வண்டியோட டயரைப் பார்த்துட்டுத்தான் வந்தவன் முகத்தைப் பார்ப்பாராம்.

— அதோட கஞ்சன். அதையும் சொல்லுங்க.

— கஞ்சனா! யாரு சொன்னது?

— பொண்ணே எங்க அண்ணன்கிட்ட சொன்னாளாம். பெருநாளுக்கு லீவுல வந்தா அஞ்சு தீனார் குடுத்துட்டு, அதை எப்படிச் செலவு பண்ணணும்னு அரை மணி நேரம் பேசுவாராம். உங்களுக்கு என்ன ஆச்சு? முகம் சிவந்து போச்சு?

— காபிம்மா. நாக்கைச் சுட்டுக்கிட்டேன்.

— அப்படிப்பட்ட மனுஷன் முன்னாடி, பழைய வண்டியில வந்தான் அபூ மிஷால்னு ஒரு பேச்சு வரக் கூடாது. வந்தா என் பையனுக்கு அந்தப் பொண்ணு கிடைக்குமோ என்னமோ. எனக்குத் தூக்கமே இல்ல. சரி, விலையைச் சொல்லு.

— ஒன்பதாயிரத்து எண்ணூறு.

— எட்டாயிரம். கதவு வேற மாட்டுதுன்னீங்க.

— சௌசன்! பேரம் பேசாதே. நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது.

— நம்ம வீட்டுல ஒன்பதாயிரத்துக்கு மேல பணமும் கிடையாது, யாபா. இன்ஷூரன்ஸும் பதிவுச் செலவும் இதுக்குள்ளயே வரணும்.

— நான் பேரம் பேச மாட்டேன். ஆனா கடைக்காரரே, இங்க பாரு. உன் காபியை நான் குடிக்கல. கோப்பையைக் கீழ வெக்கிறேன்.

— யாபா! ஐயோ, எடுங்க கையில! பொண்ணு கேக்கப் போற இடத்துல வெக்கிற கோப்பை அது! கேட்டது கிடைச்சாத்தான் குடிப்போம்னு சொல்ற கோப்பை! வேன் விலைக்கா வெப்பாங்க?

— என் ஆயுசுல ரெண்டே தடவைதான் வெச்சிருக்கேன். ஒண்ணு, உங்கம்மாவைக் கேட்டுப் போனப்ப. இன்னொண்ணு, ரெண்டு வீட்டுப் பகையை முடிச்சு வைக்கப் போனப்ப. மூணாவது வெள்ளிக்கிழமைக்குன்னு வெச்சிருந்தேன். பரவாயில்ல. இதுவும் மிஷாலுக்காகத்தானே. இது பேரமில்ல, கடைக்காரரே. இது வேண்டுகோள். எல்லாச் செலவும் சேர்த்து ஒன்பதாயிரம். அதுக்கு மேல எங்கிட்ட இல்ல. இல்லைன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் விட்டுச் சொன்னதில்ல.

— ஹாஜி... இந்தத் தொழில்ல எனக்கு நரைச்சுப் போச்சு. அழுதவங்களைப் பார்த்திருக்கேன், என்னைத் திட்டினவங்களைப் பார்த்திருக்கேன். கோப்பையைக் கீழ வெச்சவரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.

— பதில் சொல்லு.

— உங்க காபியைக் குடிங்க, அபூ மிஷால். நீங்க கேட்டது உங்களுக்குத்தான். நாலு டயரும் புதுசு போட்டுத் தர்றேன். அதுக்குக் காசு வேண்டாம்.

— டயரும் சேர்த்தா?

— சேர்த்துத்தான்மா. என்னை யாரும் கஞ்சன்னு சொல்லிடக் கூடாது பாரு.

— அல்லாஹ் உனக்கு பரகத் செய்யட்டும். இப்ப ஒரே ஒரு விஷயம். இந்த வேன் இங்க, இப்படி வாங்கினதுன்னு மாதாபாவுல ஒரு காதுக்கும் போகக் கூடாது. வாக்குக் குடு.

— குடுத்தேன். பதிலுக்கு நீங்களும் ஒரு வாக்குக் குடுக்கணும். இந்தக் கடையில என்னைப் பார்த்ததா நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

— உன்னைப் பத்தி நான் எதுக்குப்பா பேசப் போறேன்? உன் பேர்கூட எனக்குத் தெரியாது.

— அதுதான் நமக்கு நல்லது. வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வண்டி கழுவி ரெடியா நிக்கும்.

— கதவு? அதை நினைச்சுப் பாரு. அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வரிசையா நிக்கிறாங்க. வண்டி போய் நிக்குது. உள்ள நான், ஊர்த் தலைவர் முக்தார், பள்ளிவாசல் இமாம். கதவு திறக்கல. கோழிக்கூண்டுக்குள்ள உக்காந்த மாதிரி எல்லாரும் கண்ணாடி வழியா முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அந்தக் குவைத்காரர் என்ன நினைப்பார்?

— ஒண்ணும் நினைக்க மாட்டார். அந்தக் கவலையை விடுங்க. வாசல்ல நானே வந்து, பிடியைத் தூக்கித் திறந்து விடறேன்.

— மாதாபாவுல உனக்கு என்ன வேலை?

— யாபா...

— நீ சும்மா இரு, சௌசன்.

— யாபா, கையில இருக்கிற கோப்பையைக் கீழ வைங்க. இல்ல, வெக்காதீங்க! குடிச்சிடுங்க!

— என்ன உளர்ற நீ? என்னப்பா, கேக்கிறேன்ல?

— குவைத்ல முப்பது வருஷம் வியாபாரம் பண்ணினது நிஜம்தான் ஹாஜி, ஆனா அங்கயும் பழைய வேன்தான் வித்தேன், எங்க வீட்டுல அதை மட்டும் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டாங்க. எங்களுக்கும் மானம் இருக்குல்ல? காபி ஆறுது, குடிங்க. வெள்ளிக்கிழமை வாசல்ல முதல் தடவையா பார்த்துக்குவோம், சம்பந்தி.