வியட்நாம் பூ ஒட்டிய கவர்கள்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தபால்பெட்டி எதற்கு இருக்கிறதென்றே தெரிவதில்லை, ஐயா. வேங்கிக்காலில் நான் வாட்ச்மேனாக இருக்கும் அபார்ட்மெண்டில் வாசலோரம் வரிசையாகப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் அதில் பால் பாக்கெட்டைப் போடுகிறான், ஒருத்தன் சிகரெட்டை அணைக்கிறான். கேட்டால், "இன்னா பெருசு, இப்ப எவன் லெட்டர் போடறான்" என்று சிரிக்கிறான்.

போடுகிறவன் ஒருத்தன் இருந்தான். வியட்நாமில் முந்திரி கம்பெனியில் வேலை பார்க்கும் இளவரசன். அவன் அம்மா ரேணுகாம்பாள் கீழ்வீட்டில் தனியாக இருந்தாள். காது சுத்தமாகக் கேட்காது. போனும் கிடையாது. அதனால் கடிதம்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை. முன்பு கோயில் பக்கத்து லாட்ஜில் கூட்டிப் பெருக்கியபோது, வெளிநாட்டுக்காரர்கள் குப்பையில் போட்ட கவர்களிலிருந்து ஸ்டாம்பு பொறுக்கப் பழகினேன். அதில் வியட்நாம் பூக்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. தாமரை, செம்பருத்தி, ஆர்க்கிட். ஊறவைத்து, உரித்து, காயவைத்து ஆல்பம் நிறையச் சேர்த்திருந்தேன். ஸ்டாம்பு சங்கத்துச் சக்கரபாணி அதைப் புரட்டிவிட்டு நாலு பேர் முன்னால் சொன்னான்:

"ஊறவெச்சு கெடுத்துட்டீங்களே, பெரியவரே. எந்த ஊர்ல போட்டாங்க, எந்த வழியா வந்துச்சு, என்னிக்கு சேந்துச்சு, எல்லாம் கவர்லதான் கீது. இது வெறும் கலர் பேப்பர்."

நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு எரிகிறது.

ரேணுகாம்பாளிடம் கவர் கேட்டேன். கொடுத்தாள். ஆனால் அவள் பிரிக்கிற லட்சணம். மகன் கடிதம் என்ற அவசரத்தில் பல்லால் கடித்துக் கிழிப்பாள். தாமரை இரண்டாகப் போகும். கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்து, ஜாடையில் சொல்லிப் பார்த்தேன். "எம்புள்ள லெட்டருண்ணா, எப்டி பிரிச்சா இன்னா" என்றாள். அதற்குப் பிறகு தபால்காரரிடம் நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு கவரைக்கூட நான் பிரித்ததில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஈனப்புத்தி எனக்குக் கிடையாது. வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

தினமும் கேட்டருகே வந்து, "வந்துச்சாண்ணா?" என்பாள். கையை விரிப்பேன். மகனுக்கு எழுதி, பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் தருவாள். நம்ம ஊர் ஸ்டாம்பு எனக்கு எதற்கு? கிழித்துச் சாக்கடையில் போட்டேன். பையன் என் செல்லுக்குப் போன் பண்ணுவான்.

"அம்மா நல்லாக்கீதா, பெரியப்பா? பதிலே போடமாட்டேங்குதே."

"கை நடுங்குதுப்பா அதுக்கு. நீ எழுது. பூ ஸ்டாம்பா பாத்து ஒட்டு, அதான் அம்மாவுக்குப் புடிக்கும்."

பையன் தேடித் தேடி ஒட்டினான். அதில் குறை சொல்ல முடியாது. இவள்தான் சாப்பாட்டை விட்டு எலும்பும் தோலுமாகிவிட்டாள். "எம்மேல இன்னா கோவம் அவனுக்கு?" என்று கேட்பாள். பதில் சொன்னாலும் காதில் விழப்போவதில்லை.

பிறகு அவன் ரிஜிஸ்டர் தபால் அனுப்பினான். அம்மாவிடம் கையெழுத்து வாங்கித்தான் தருவார்கள் என்று போனில் சொன்னான். பூ ஒட்டிய ரிஜிஸ்டர் கவர் என்னிடம் ஒன்றுகூட இல்லை. தபால்காரர் வரும் நேரம் பார்த்து, பெரிய தபால் ஆபீஸில் போய்க் கேள் என்று அவளுக்கு ஜாடை காட்டினேன். எப்போதும் நான்தான் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடுவேன். பஸ்காரன் அடிக்கிற ஹாரன் அவளுக்குத் தெரியாது. அன்று கேட்டை விட்டுப் போக எனக்குத் தோதுப்படவில்லை.

தபால்காரர் புது ஆள். அந்தம்மாவின் அண்ணன் என்றேன், நம்பிவிட்டார். கையெழுத்துப் போடும்போது ரோட்டில் சத்தம் கேட்டது. கவர் மடங்காமல் அட்டைக்குள் வைத்துவிட்டுத்தான் போனேன். போய் என்ன ஆகப்போகிறது? பஸ்ஸுக்கு அடியில் கிடந்தாள்.

காரியத்துக்கு வந்த பையன், "நான் போட்ட லெட்டர்லாம் எங்க, பெரியப்பா?" என்றான். அம்மா கூடவே வைத்து எரித்துவிட்டோம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

வருஷம் திரும்பியதும் கல்யாண மண்டபத்தில் ஸ்டாம்பு கண்காட்சி. விலாசத்தை மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால் அப்புறம் அது என்ன கவர்? எங்கே போட்டது, யாருக்கு வந்தது என்பதுதானே அதன் சரித்திரம். அம்மா படிக்கட்டும் என்று பையன் தமிழிலும் பெயர் எழுதியிருந்தான். அப்படியே வைத்தேன். சக்கரபாணி இந்த முறை சிரிக்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். பேப்பரில் படம் போட்டார்கள். அது திதிக்கு வந்திருந்த இளவரசன் கண்ணில் பட்டுவிட்டது.

மண்டபத்தில் கண்ணாடிமேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எல்லாம் ஒட்டுனபடியே கீதே. அம்மா ஒண்ணுகூட படிக்கலயா, பெரியப்பா?"

"படிச்சிருந்தா கிழிச்சிருக்கும். முனை ஒண்ணாச்சும் மடங்கிக்கீதா, பாரு."

"எங்கம்மாவ கொன்னுட்டியே, பெருசு."

பெரியப்பா என்றவன், ஊரார் கூப்பிடுகிறமாதிரி பெருசு என்றான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டம் கூடியது. சக்கரபாணி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் பஸ் ஓட்டியதுபோல இருந்தது.

அவளை அனுப்பியது நான், கடிதத்தை நிறுத்தியது நான். இல்லை என்று சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தேன். அத்தனை பேர் நின்றார்கள். பையன் அழுவதைத்தான் பார்த்தார்கள், கவரை ஒருத்தனும் சரியாகப் பார்க்கவில்லை.