காலடியில் உள்ளான்

ரேணிகுண்டாவில் சேற்றுக்காலோடு ரயிலேறிய ஒருவர், எதிரே என் பக்கத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்த மிஷன் உபதேசியாரிடம் திடீரென்று சொன்னார்:

"உள்ளான், ஐயா! என் காலுகிட்டயே உள்ளான்! கண்ணுக்குத் தெரியல."

உபதேசியார் பைபிளை மூடினார். "கர்த்தரை அப்படிச் சொல்லலாமாப்பா? உள்ளார்னு சொல்லு."

"கர்த்தரா? நான் குருவியச் சொல்றேன். ஏரிச் சேத்துல மூக்கு நீண்ட குருவி வரும்ல, அந்த உள்ளான். தொரைங்க சுடறதுக்கு அதக் கலைச்சி உடற வேலை எனக்கு."

சிரிப்பை மறைக்க, நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"காலையில அடி வெக்கப் போறேன், காலுக்குக் கீழயே ஒண்ணு குந்திகினு இருக்குது. சேத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல, கண்ணு மட்டும் மினுக்குது. பனிமலைக்கு அந்தாண்டயிருந்து வருதாம், தொரை சொல்வாரு. அம்மாந்தூரம் பறந்து வந்தது, என் காலடியில மூச்சு உட்டுகினு இருக்குது."

"கலைச்சு விட்டியா?"

"தூக்குன காலை அப்படியே வெச்சிகினு நின்னேன். 'ஏதாச்சும் இருக்குதா?'ன்னு தொரை கத்துனாரு. 'ஒண்ணும் இல்ல தொரை'ன்னுட்டேன்."

காளஹஸ்தி வந்ததும் உபதேசியார் பைபிளைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இறங்கும்போதுதான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இன்னும் அங்கேயே உள்ளாரா?"